அம்மா சொல்ல மேர்சி அடித்தவை

எழுவைதீவு முன்பள்ளி ஆசிரியை மேர்சிக்கு எதையும் ஆறுதலாகச் செய்யத் தெரியாது. அடுப்பில் மீன் கொதிக்கும்போதே முற்றம் கூட்டுவாள். படகு கரை தட்டுமுன்பே இறங்குதுறையில் கால் மாற்றி மாற்றி நிற்பாள். அப்படிப்பட்டவளிடம், மாத முடிவோடு மின்னஞ்சல் சேவையை மூடுகிறோம் என்று ஒரு கம்பனி சொன்னால் கேட்கவும் வேண்டுமா?

புதிய முகவரி திறந்தாள். சிக்னல் ஒழுங்காகக் கிடைப்பது துறையில்தான். வெயிலில் நின்று, வந்த மின்னஞ்சல்களை ஒவ்வொன்றாகப் புதிய முகவரிக்கு அனுப்பினாள். பாரிஸிலிருந்து அண்ணன் றொமேஷ் எழுதியவை, கல்வி அலுவலகச் சுற்றறிக்கைகள், யாரோ சேலை விற்க எழுதியதுகூட, ஒன்றையும் விடவில்லை.

பழைய முகவரி மூடிய பிறகுதான் அவளுக்கு அது உறைத்தது. வந்தவற்றைக் கொண்டுவந்தவள், தான் அனுப்பியவற்றை மறந்துபோனாள். அம்மா இருந்தது அங்கேதான். அம்மாவுக்கு எழுதத் தெரியாது. மகனுக்கு அவர் சொல்லச் சொல்ல, ஒரு சொல் மாற்றாமல் மேர்சிதான் அடித்து அனுப்புவாள். அம்மா இறந்தபின் அவர் பேச்சென்று மிஞ்சியிருந்தது அவ்வளவுதான்.

மேர்சிக்குச் சோறு இறங்கவில்லை. வீட்டுக்கும் துறைக்குமாக அலைந்தாள்.

"நீர் அனுப்பினதெல்லாம் உம்மட அண்ணையிட்டக் கிடக்குந்தானே. கேளுமன்," என்றான் கணவன் நிமலன்.

"அந்த மனுசனிட்டயோ? செத்தாலும் கேக்கமாட்டன்."

அம்மாவின் அடக்கத்துக்கு றொமேஷ் வரவில்லை. விசா இல்லாதவன் வர முடியாதென்பது மேர்சிக்கும் தெரியும். ஆனால் அவள் போனில் கத்தக் கத்த ஒரு சொல்லும் சொல்லாமல் இருந்தானே, அதைத்தான் அவளால் பொறுக்க முடியவில்லை. அன்றோடு பேச்சை நிறுத்தினாள்.

இப்போது இருப்புக்கொள்ளாமல் அவளே எழுதினாள்: "நான் மேர்சி. அம்மா சொல்லி நான் அனுப்பினதுகள் இருந்தால் அனுப்புங்கோ. வேறை ஒண்டும் வேண்டாம்."

பிறகு போனும் கையுமாகத் திரிந்தாள். பிள்ளைகளுக்குப் பாட்டுச் சொல்லிக்கொடுக்கும்போதும் கண் போனில்தான்.

மறுநாள் துறையில் நின்றபோது எல்லாம் வந்து குவிந்தன. றொமேஷ் தன் பங்குக்கு ஒரு வரியும் எழுதவில்லை. "கொழுப்பைப் பார்," என்று முணுமுணுத்தபடி அம்மாவின் கடைசி மின்னஞ்சலைத் திறந்தாள்.

"தம்பி, நான் கண்ணை மூடினாலும் நீ அங்கையிருந்து வெளிக்கிடாதை. பிறகு திரும்பிப் போக ஏலாது. மேர்சி கத்துவாள். கத்தட்டும். நீ ஒண்டும் திருப்பிச் சொல்லாதை. அவளுக்குக் கத்த வேறை ஆர் இருக்கினம்?"

அடித்தவள் அவளேதான். அன்றைக்கும் குசினியில் ஏதோ கருகுகிற அவசரம். காதில் விழுந்ததை விரல் அடித்தது, மனம் அதைக் கேட்கவே இல்லை. மேர்சிக்குத் தன்மேலேயே ஆத்திரம் வந்தது, கூடவே அழுகையும்.

அண்ணனுக்குப் போன் எடுத்தாள். "அண்ணை," என்றாள். படகு வந்து ஆட்களை இறக்கிவிட்டுப் போனது. அவள் போனைக் காதிலிருந்து எடுக்கவில்லை.

மறுமுனையில் றொமேஷ்தான் பேசினான்.

"கத்து, தங்கச்சி," என்றான். "நான் கேட்டுக்கொண்டுதான் இருக்கிறன்."