வயிறு தெரியாத போட்டோ

மகள் பிறந்து ஒரு வருடத்துக்கு மேலாகியும் என் வயிறு குறையவில்லை. இரவுச் சோற்றை விட்டேன். சிமெண்ட் லாரிகள் புழுதி கிளப்பும் ரோட்டில் விடியற்காலையில் நடந்தேன். பயனில்லை.

அரியலூரில் கொழுந்தனாருக்குக் கல்யாணம். மேடையில் போட்டோவுக்கு நின்றபோது கணவர் காதருகே வந்து, "பாப்பாவ முன்னாடி தூக்கிப் புடிச்சுக்க, வயிறு தெரியாது" என்றார். கேலி செய்யவில்லை, எனக்கு உதவுவதாகத்தான் நினைத்தார். மகளை வயிற்றுக்கு முன்னால் தூக்கிப் பிடித்துக்கொண்டேன்.

அப்போதுதான் நடக்கப் பழகியிருந்த மகள் கீழே இறங்கத் துடித்தாள். "புள்ளைய எறக்கி வுடும்மா, அழுவுது பாரு" என்றார் மாமியார். போட்டோ எடுத்து முடியும்வரை நான் விடவில்லை.

பந்தியில் இலையைத் தொட மனம் வரவில்லை. பக்கத்தில் சாப்பிட்ட, முன்பின் தெரியாத ஓர் அம்மா, "டயட்டாம்மா?" என்று கேட்டார். தலையாட்டினேன்.