நாற்பத்தொன்றாவது கால்குலேட்டர்

கட்டைவிரல் நான்கு முறை லேசாக இறங்குகிறது, ஐந்தாவது முறை சற்று அழுத்தி. மெமரி அழிந்துவிட்டது என்று திரையில் வருகிறதா என்று அவர் பார்ப்பதில்லை. அதற்குள் இடது கை அடுத்த கால்குலேட்டரை முன்னால் நகர்த்தியிருக்கும். நாற்பது கால்குலேட்டருக்குப் பதினொரு நிமிடம். நடுவில் என்னிடம் நாட்டு நடப்பும் பேசுவார்.

எங்கள் கல்லூரியின் கணித ஆய்வகத்துக்கு அவர்தான் பொறுப்பாளர். நான் தேர்வுப் பிரிவு எழுத்தர். சமன்பாட்டைக் கொடுத்தால் கோட்டுப்படம் வரைந்து காட்டும் கால்குலேட்டர்கள் அவருடைய அலமாரியில் நாற்பது இருக்கின்றன. மாணவர்கள் அவற்றுக்குள் சூத்திரம், பாடச் சுருக்கம், பந்து விளையாட்டு, காதல் கடிதம் என்று சகலத்தையும் ஒளித்து வைப்பார்கள். தேர்வு நாள் காலையில் அத்தனையையும் துடைத்து என்னிடம் ஒப்படைக்க வேண்டியது அவர் வேலை. அதனால் மாணவர்கள் அவருக்கு 'ரப்பர்' என்று பெயர் வைத்திருக்கிறார்கள். அவருக்கும் அது தெரியும். "நல்ல பேருதான். எனக்கு முன்னாடி இருந்தவருக்கு வச்ச பேரை வெளியில சொல்ல முடியாது," என்பார்.

ஊரார் விளையாட்டையெல்லாம் அழிக்கிற இந்த மனிதர், தன் சொந்தக் கால்குலேட்டருக்குள் இரண்டு வருடமாக ஒரு விளையாட்டை ஏற்றிக்கொண்டிருந்தார் என்பது எனக்கு வெகுநாள் தெரியாது. மதிய இடைவேளையில் குனிந்த தலை நிமிராமல் பொத்தான்களை அமுக்கிக்கொண்டிருப்பார். ஏதோ ஆராய்ச்சி என்று நினைத்து நானும் மரியாதையாகக் காலடிச் சத்தம் கேட்காமல் நடந்திருக்கிறேன்.

தொலைக்காட்சியில் இணைத்து ஆடும் பெட்டி ஒன்றில் அந்தக் காலத்தில் வந்த விளையாட்டு அது. நான்கு பேர் கிளம்பி, ஊர் ஊராகப் போய் விசாரித்து, வாள் வாங்கி, மருந்து வாங்கி, எதிர்ப்படும் பூதங்களை அடித்து, கடைசியில் ஒரு தீவுக் கோட்டைக்குள் புகுந்து, பெரிய பூதம் தூக்கிக்கொண்டு போன ஊர் மணியை மீட்டு வர வேண்டும். சண்டையெல்லாம் முறை வைத்துத்தான். நீ ஒரு அடி அடித்தால் அடுத்தது நான். எங்கள் அலுவலகத்தைவிட அந்தப் பூதங்களிடம் ஒழுங்கு அதிகம். ஆடி முடிக்க நாற்பது மணி நேரம் ஆகுமாம்.

அதை அப்படியே கால்குலேட்டருக்குள் கொண்டுவர வேண்டும். திரை தொண்ணூற்றாறு புள்ளி அகலம், அறுபத்துநான்கு புள்ளி உயரம், கறுப்பைத் தவிர வேறு நிறம் கிடையாது. மெமரியோ ஒரு சின்னப் புகைப்படம்கூட நுழையாத அளவு. "குடும்பத்தோட ஒரே ஸ்கூட்டர்ல போற மாதிரிதான் சார். யாரையும் விட்டுட்டுப் போக முடியாது, எல்லாரும் கொஞ்சம் ஒடுங்கி உட்காரணும்," என்றார். காட்டில் இருந்த பதினாறு வகை மரங்களில் ஒன்றுதான் பிழைத்தது. ஆறு ராஜாக்களுக்கும் ஒரே தாடி.

மனிதர்களுக்கு எட்டுக்கு எட்டுக் கட்டம் ஒதுக்கியிருந்தார். அதற்குள் தலை, கை, கால், குணம் எல்லாம் தெரிய வேண்டும். கட்டம் போட்ட தாளில் பென்சிலால் அடைத்து அடைத்துப் பார்ப்பார். நாளடைவில் எதிரே வருகிறவர்களை எல்லாம் கட்டக் கணக்கில்தான் அவருக்குப் பார்க்க வந்தது. ஒரு நாள் என்னை வெகுநேரம் உற்றுப் பார்த்துவிட்டு, "உங்களுக்கு ஏழு வரிசையே போதும். கழுத்து இல்ல," என்றார். இரண்டாவது ஊர்ப் பாலத்துப் பூதம் எங்கள் துறைத் தலைவரின் அச்சு. கேட்டால் தற்செயல் என்பார்.

கணினியில் எழுதி ஏற்றினால் வேலை சுலபம். செய்ய மாட்டார். பெரிய விசைப்பலகையைக் கண்டால் எழுத்து நீண்டுகொண்டே போகுமாம். கால்குலேட்டரின் குட்டிப் பொத்தான்களில் ஒவ்வோர் எழுத்தையும் கட்டைவிரல் நோக அமுக்கினால்தான் அநாவசியமாக ஒன்றும் எழுதத் தோன்றாது என்பது அவர் கட்சி. ஞாயிற்றுக்கிழமை தோறும் ஒரு கம்பியை மாட்டி இன்னொரு கால்குலேட்டருக்குப் பிரதி எடுத்து வைப்பார்.

வசனத்தைச் சுருக்கித் தருவது அவருடைய மனைவி. அந்த அம்மாள் ஒரு பத்திரிகையில் வரி விளம்பரம் வாங்கும் கவுண்டரில் இருக்கிறார். பத்துச் சொல்லை நாலாக்குவது அவருக்குக் கை வந்த கலை. "குளிச்சிட்டு வாங்க, அப்புறம் நிதானமா பேசலாம்" என்று ஒரு ராஜா சொல்வதை "முதல்ல குளி" என்று வெட்டிக் கொடுத்துவிட்டார். ராஜாவுக்கும் அதுவே பொருத்தமாக இருந்தது.

ராஜா ஏன் குளிக்கச் சொல்கிறார் என்று நான் கேட்டபோதுதான் தங்கை கதை வந்தது. சிறு வயதில் இவர்கள் வீட்டில் ஓடிய அந்த விளையாட்டு ஏதோ அந்நிய மொழியில் இருந்ததாம். பாத்திரங்கள் வாய் திறந்தால் என்ன சொல்கின்றன என்று ஒருவருக்கும் தெரியாது. இரண்டு வயது இளைய தங்கை பக்கத்தில் இருந்துகொண்டு, எல்லாருக்கும் தானே வசனம் கட்டிச் சொல்லிக்கொண்டிருப்பாள். குகைகளுக்கும் காடுகளுக்கும் நோட்டில் வரைபடம் போட்டு வழி சொன்னதும் அவள்தான். கால்குலேட்டரில் இவர் ஏற்றிக்கொண்டிருந்தது அசல் வசனத்தை அல்ல, தங்கையின் வசனத்தை.

ஆடுகிற பொத்தானை மட்டும் அண்ணன் அவள் கையில் கொடுக்கவில்லை. அடுத்த ஊர் வந்ததும் தருகிறேன் என்று ஊர் ஊராகத் தள்ளிப்போட்டார். கோட்டை வாசலுக்கு வந்த வாரம் தங்கைக்குக் காய்ச்சல். இரண்டு நாள் பொறுத்துப் பார்த்தவர், மூன்றாம் நாள் தனியாக உள்ளே போய், பூதத்தை அடித்து, முடிவையும் பார்த்துவிட்டார். மீட்கப்பட்ட மணி அடித்த சத்தம் அடுத்த அறையில் போர்வைக்குள் கிடந்தவளுக்குக் கேட்டது. விளையாட்டுப் பெட்டி சித்தப்பாவுடையது. அந்த வாரமே அவர் வந்து எடுத்துக்கொண்டு போய்விட்டார்.

"ஒரு மாசம் பேசல சார். அதுகூடப் பரவாயில்ல. இன்னிக்கு இணையத்துல தேடினா ஒரு நிமிஷத்துல பார்த்துக்கலாம், பார்க்க மாட்டேங்கிறா. 'நான் போட்ட வழியில நீ மட்டும் போய்ப் பார்த்துட்டு வந்தல்ல, இருக்கட்டும்'னு சொல்றா." சிரித்துக்கொண்டேதான் சொன்னார். ஆனால் இருபத்தாறு வருடப் பழசான அந்தக் குற்றம் நேற்றுச் செய்தது போல அவர் முகத்தில் இருந்தது.

தங்கை இப்போது நில அளவையாளர். மலைப்பகுதிக்கு மாதக் கணக்கில் கூடாரம் போட்டுக்கொண்டு போகிற வேலை. மின்சாரம் இல்லாத இடத்தில் போன் இரண்டாம் நாளே செத்துவிடும். கோணக் கணக்குப் போட அவர் கொண்டுபோகும் கால்குலேட்டர் மட்டும் நான்கு சின்ன பேட்டரியில் மாதக் கணக்கில் ஓடும். அண்ணனுக்கு யோசனை அங்கேதான் பிறந்தது. ஒவ்வொரு பகுதியும் முடிய முடியத் தங்கைக்குக் கம்பி வழியாக ஏற்றிக் கொடுத்தார். தங்கையும் ஆடிக்கொண்டே வந்து கோட்டை வாசலில் நின்றார். பாக்கி இருந்தது கோட்டையும் முடிவும்தான்.

அங்கேதான் சிக்கல். கோட்டைக்கு ஏழு மாடி. ஏழையும் எழுதியதும் மெமரி நிறைந்துவிட்டது. மணி கோபுரத்தில் ஏறுவதும், நான்கு பேரும் அவரவர் வீட்டுக்குத் திரும்புவதும், ஒவ்வொரு வீட்டிலும் கதவு திறப்பதும்தான் முடிவு. அதற்கு எழுநூறு எழுத்துக்கான இடம் வேண்டும். இவரிடம் இருந்தது நாற்பது. 'மணி திரும்பி வந்தது. சுபம்.' என்று ஒரு வரி போட்டு முடித்துவிடலாமா என்று தங்கையிடம் போனில் கேட்டார். பக்கத்திலிருந்த எனக்கே பதில் கேட்டது. "முடிவு இல்லாம குடுத்தா எனக்கு வேண்டாம். நீ பார்த்தது எதுவோ அதைத்தான் நான் பார்க்கணும்."

தங்கை நான்கு மாதப் பயணமாக மலைக்குக் கிளம்பப் பதினொரு நாள் இருந்தது. இவர் ஒவ்வோர் எழுத்தாகச் சுரண்டி இடம் தேடிக்கொண்டிருந்தார். அந்த மும்முரத்தில் மூன்று ஞாயிறு பிரதி எடுக்கவும் மறந்திருந்தார்.

இந்த நிலைமையில் ஒரு தேர்வு வந்தது. அன்றைக்கு நான் சீக்கிரமே போய் வாசலில் நின்று, அறைக் கண்காணிப்பாளர்கள் காத்திருக்கிறார்கள், மணியாகிறது என்று விரட்டினேன். கோட்டைக்குள் ஏதோ படிக்கட்டைச் சரிசெய்துகொண்டிருந்தவர், கையில் இருந்ததை மேசையில் வைத்துவிட்டு வேலையை ஆரம்பித்தார். கட்டைவிரல் ஓடியது. நான் அன்று மழை வருமா வராதா என்று பேசிக்கொண்டிருந்தேன். முடித்துவிட்டு வழக்கம்போல எண்ணினார். மறுபடி எண்ணினார்.

"ஒண்ணு கூட இருக்கு," என்றார்.

குறைந்தால்தானே வம்பு, கூடினால் நல்லதுதானே என்று நான் ஒரு மகா புத்திசாலித்தனமான பதிலைச் சொன்னேன். அவர் முகத்தில் ஈயாடவில்லை. நாற்பத்தொரு திரையும் ஒரே மாதிரி வெளேரென்று என்னைப் பார்த்தன. அதற்குப் பிறகுதான் எனக்கு உறைத்தது. அவர் நாற்பதை எண்ணி என் கூடையில் வைத்து, பதிவேட்டில் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தார். கையெழுத்து கோணவில்லை.

கோட்டை வாசல் வரை தங்கையின் கால்குலேட்டரில் இருந்தது. கோட்டை மொத்தமும் போயிற்று. மறுநாளிலிருந்து விடுப்புப் போட்டுவிடுவார் என்று நினைத்தேன். வந்தார். வலது கட்டைவிரலில் ஒரு பிளாஸ்திரி. இரண்டு பிளாஸ்திரி ஆயிற்று. ஏழு மாடியையும் மறுபடி தனித்தனியாக எழுத விரலில் தெம்பு இல்லை. ஒரே ஒரு மாடியை எழுதி, அதையே இடம் வலம் மாற்றி, தலைகீழாக்கி, திருப்பித் திருப்பி ஏழு மாடியாக அடுக்கிவிட்டார். ஒன்பதாம் நாள் மதியம் ஓட்டமாக என் அறைக்கு வந்தார். இத்தனை வருடத்தில் அவர் ஓடி நான் பார்த்ததில்லை.

"ஆயிரத்து நூறு மிச்சம் இருக்கு சார். முடிவு முழுசா நுழையும். வேணும்னு பண்ணியிருந்தா வராது. சோம்பேறித்தனம்தான் காப்பாத்துச்சு."

நான் விரட்டியதால்தான் எல்லாம் நடந்தது, ஆகவே அந்த முடிவில் எனக்கும் பங்கு உண்டு என்றேன். பெரிய மனது பண்ணி ஒப்புக்கொண்டார்.

கிளம்புவதற்கு முந்தைய நாள், சனிக்கிழமை காலை, தங்கை ஆய்வகத்துக்கு வந்தார். வெயிலில் கறுத்த முகம், சேறு காய்ந்த பூட்ஸ், அண்ணனுக்கு வைத்த அதே மூக்கு. என்னைப் பார்த்ததும், "நீங்கதான் அவசரப்படுத்தின ஆளா?" என்று கேட்டார். நான் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டேன். அண்ணன் கம்பியை மாட்டி மிச்சத்தை ஏற்றி முடித்ததும், தங்கை கால்குலேட்டரை எடுத்துக்கொண்டு போய் மூலையில் இருந்த பெஞ்சின் நடுவில், எங்களுக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்துவிட்டார்.

முக்கால் மணி நேரம் பொத்தான் சத்தம் மட்டும்தான். இவருக்கு இருப்புக்கொள்ளவில்லை. எழுந்தார், உட்கார்ந்தார், துடைத்த மேசையையே துடைத்தார். ஐந்தாம் மாடியில் இடது பக்கம் திரும்பாதே என்று வாய் வரைக்கும் வந்ததை விழுங்கினார் என்பது தொண்டையிலேயே தெரிந்தது. ஒரு தடவை இரண்டடி எடுத்து வைத்தார். திரும்பாமலே தங்கை சொன்னார்: "அண்ணா, அங்கேயே இரு." இருந்துவிட்டார்.

கொஞ்ச நேரத்தில் பொத்தான் சத்தம் வேகமெடுத்தது. பிறகு நின்றது. தங்கை கால்குலேட்டரை மடியில் இறக்கிவிட்டு நீளமாக ஒரு மூச்சு விட்டார். பூதம் விழுந்துவிட்டது. இன்னும் ஒரே ஒரு பொத்தான், அதை அமுக்கினால் மணி கோபுரத்தில் ஏறும், கதவுகள் திறக்கும். அந்தப் பொத்தானின் சத்தம் மட்டும் கேட்கவில்லை.

இவர் நின்ற இடத்தை விட்டு அசையவில்லை. கையில் இருந்த துணியை மட்டும் சுருட்டிச் சுருட்டிப் பிடித்துக்கொண்டிருந்தார்.

தங்கை பெஞ்சின் நடுவிலிருந்து ஓரத்துக்கு நகர்ந்து, பக்கத்தில் ஒரு ஆள் உட்கார இடம் விட்டார்.