வேனில் போன தயிர்சாதம்

என் தயிர்சாதத்தைக் குறை சொன்னவர்கள் எங்கள் தெருவிலேயே கிடையாது. சொன்னால் நான் சும்மா விடுகிற ஆளும் இல்லை. அப்படிப்பட்டவளிடம், மூன்றாம் வகுப்புப் படிக்கிற என் மகள் ஒரு சாயங்காலம் சாப்பாட்டு டப்பாவை நீட்டிச் சொன்னாள், "அம்மா, இனிமே தயிர்சாதம் வேண்டாம். நாறுது."

நாறுதாமே! எனக்குச் சுள்ளென்று ஏறிவிட்டது.

"ஏட்டி, திங்கப் பிடிக்கலைன்னா பிடிக்கலைன்னு சொல்லு. சோத்து மேல பழியப் போடாத."

"நிசமாத்தாம்மா. மூடியத் தொறந்தாலே பக்கத்துல இருக்க பிள்ளைக மூக்கப் பொத்துதுக."

நாங்கள் இருப்பது ராஜபாளையத்தில். அவள் பள்ளிக்கூடம் ஸ்ரீவில்லிபுத்தூரில். வேன் தெருத்தெருவாகச் சுற்றிப் பிள்ளைகளை ஏற்றிக்கொண்டு போய்ச் சேரும். நான் செட்டியார்பட்டியில் நைட்டி தைக்கிற கம்பெனிக்குப் போகிறேன். காலையில் சாதத்தைக் குழைய வடித்து, மசித்து, நன்றாக ஆறவிட்டுப் பாலை ஊற்றி, அதில் ஒரே ஒரு கரண்டி தயிரைக் கலந்து அடைப்பேன். மத்தியானம் திறக்கும்போது டப்பாவுக்குள்ளேயே பக்குவமாகத் தோய்ந்திருக்கும். ஒரே பாத்திரத்தில் கிளறி அவளுக்கு ஒரு டப்பா, எனக்கு ஒரு டப்பா. என்னுடையது மத்தியானம் தேனாக இருக்கிறது. அவளுடையது மட்டும் எப்படிப் புளிக்கும்?

முதலில் பால்காரரைப் பிடித்தேன். "அண்ணாச்சி, பாலுல என்னத்தக் கலக்குதிய?" என்று வாசலிலேயே கேட்டுவிட்டேன். மனிதர் பால் கேனைத் தொட்டுச் சத்தியம் பண்ணினார். சரி, பாலே வேண்டாம் என்று தேங்காய்ச்சாதம் கட்டிக் கொடுத்தேன். அதுவும் கெட்டு நூல் விட்டது. சாம்பார்சாதமும் அப்படியே திரும்பி வந்தது. பிள்ளை தினமும் ரெண்டு பிஸ்கட்டைத் தின்றுவிட்டு, சாயங்காலம் வந்ததும் பையைக்கூடக் கழற்றாமல் சுருண்டு படுத்துவிடும். கன்னமெல்லாம் ஒட்டிப்போய்விட்டது. மத்தியானம் கம்பெனியில் என் டப்பாவைத் திறந்தால் அந்த முகம்தான் வந்து நிற்கும். ரெண்டு வாய்க்கு மேல் எனக்கு இறங்கவில்லை. 

"நம்பலைன்னா நீயே வந்து பாரும்மா" என்றாள் மகள். வாரேன்டி என்று கம்பெனிக்கு லீவு சொல்லிவிட்டு மறுநாள் அவளோடு வேனில் ஏறினேன்.

வேன் ஓட்டுகிற தம்பி என்னை முன் சீட்டில் உட்காரவைத்தார். அவருக்கும் எனக்கும் நடுவில் என்ஜினை மூடியிருக்கிற பேனட். ஒவ்வொரு பிள்ளையாக ஏற ஏற, அவர் சாப்பாட்டுக்கூடையை வாங்கி அதன் மேல் அழகாக அடுக்கினார். அடுக்கிவிட்டு ஒரு சாக்கை எடுத்து, குளிருகிற குழந்தைக்குப் போர்த்துவதுபோல நாலு பக்கமும் இழுத்து மூடினார். நல்ல பொறுப்பான பிள்ளை என்று நினைத்துக்கொண்டேன். ஊரைத் தாண்டி ஒரு வேகத்தடையில் வண்டி தூக்கிப் போட்டது. விழாமல் இருக்கப் பேனட்டில் கையை ஊன்றினேன்.

"ஆத்தாடி!"

தோசைக்கல்லில் வைத்த மாதிரி இருந்தது. சாக்குக்கு அடியில் கையை விட்டு என் மகளின் டப்பாவைத் தொட்டேன். கதகதவென்று இருந்தது.

"தம்பி! இதையா தினமும் இதுக்கு மேல வைக்கிறிய?"

அவர் முகமெல்லாம் சிரிப்பு. "ஆமக்கா. சூடா இருக்கட்டும்னுதான். நான் படிக்கும்போது எம்புட்டு நாள் ஆறிப்போன சோத்தத் தின்னுருப்பேன். நம்ம வண்டியில வார பிள்ளைக அப்படித் திங்கக் கூடாதுக்கா. அதுக்குத்தான் சாக்கும் போட்டு மூடுதேன்."

நாலு நாளாகச் சேர்த்து வைத்திருந்த வசவெல்லாம் வீணாய்ப்போனது. இந்த மனுசனை எப்படித் திட்டுவது? எனக்குச் சிரிப்புத்தான் வந்தது.

"தம்பி, சோறுன்னா கொதிக்கக் கொதிக்கத் திங்கணும், இல்லன்னா நல்லா ஆறவிட்டு மூடணும். இப்படி வெதுவெதுன்னு சூட்டுலயே இருந்துக்கிட்டுப் போனா, கொண்டு எறக்குன பொறவும் அந்தச் சூட்டுலயே கிடந்து மத்தியானத்துக்குள்ள கெட்டுப்போகும்."

"ஐயோ! அப்ப அம்புட்டுப் பிள்ளைக சோறுமாக்கா?"

"ஆமா மாமா!" என்று பின்னாலிருந்து வேனே கத்தியது. ஒரு வாண்டு எழுந்து நின்று, "எங்கம்மா பால்காரரையே மாத்திட்டாக!" என்றது. என்னைப்போல இன்னும் எத்தனை வீட்டு வாசலில் பால்காரர்கள் சத்தியம் பண்ணினார்களோ!

அவர் அங்கேயே வண்டியை ஓரம் கட்டினார். கூடைகளை ஒவ்வொன்றாக எடுத்துக் கடைசி சீட்டுக்கு அடியில், காற்று வருகிற இடமாகப் பார்த்து வைத்தார். "சோறு கெடுதுன்னு முன்னாலேயே ஒரு வார்த்தை சொல்லக் கூடாதாய்யா?" என்று பிள்ளைகளிடம் கெஞ்சாத குறையாகக் கேட்டார். "நீங்க ஆசையா வச்சீங்கல்ல மாமா" என்றாள் என் மகள்.

அடுத்த நாள் விடிந்ததும் மறுபடியும் தயிர்சாதம். மாங்காய் பொடிப்பொடியாக நறுக்கிப் போட்டு, கடுகு தாளித்து, ஆற வைத்து, டப்பாவைத் தொட்டுத் தொட்டுப் பார்த்துத்தான் மூடினேன். கம்பெனியில் எனக்கு வேலையே ஓடவில்லை. மத்தியானம் எல்லோரும் சாப்பிட்டார்கள். இந்நேரம் திறந்திருப்பாளா, இன்றைக்கும் நாறுமா என்று நினைத்துக்கொண்டு நான் என் டப்பாவைத் தொடவேயில்லை.

சாயங்காலம் அவளுக்கு முன்னால் வந்து வாசலில் நின்றேன். வேனிலிருந்து குதித்தவள் கையிலிருந்து டப்பாவைப் பிடுங்கித் திறந்து, பழக்கதோஷத்தில் மூக்கைத்தான் முதலில் கொண்டுபோனேன். உள்ளே ஒரு பருக்கை இல்லை.

"ஏட்டி, கொட்டிட்டியா?"

"கொட்டுவாகளா? எனக்கே பத்தலம்மா. நாளைக்கு இன்னும் கொஞ்சம் அமுக்கி வை."

பையை என் காலடியில் போட்டுவிட்டு விளையாட ஓடிவிட்டாள். அதற்குப் பிறகுதான் எனக்கு அப்படி ஒரு பசி எடுத்தது. வாசற்படியிலேயே உட்கார்ந்து, காலையிலிருந்து மூடிக் கிடந்த என் டப்பாவைத் திறந்து வழித்து வழித்துத் தின்றேன். புளிக்கத்தான் செய்தது. நான் யாரிடமும் சொல்லவில்லை.