மாடிக் குழாய்

வாஷிங் மெஷின் ரிப்பேர் பார்க்கும் அவரைக் கடைத்தெருவில் எல்லோரும் ‘மூடுங்கண்ணன்’ என்றுதான் கூப்பிடுவார்கள். எந்த வீட்டில் வேலை முடித்தாலும், “துவைச்சு முடிஞ்சதும் குழாயை மூடுங்க. இல்லேன்னா நாள் முழுக்கத் தண்ணி பைப்பை முட்டிக்கிட்டே இருக்கும். என்னைக்காவது பிச்சுக்கும்” என்று சொல்லாமல் செருப்பை மாட்டமாட்டார்.

அவர் வீட்டு மெஷின் மாடியில் இருந்தது. அந்தக் குழாயை மூடுவது என்னவோ மனைவிதான்.

“ஊரெல்லாம் மூடச் சொல்றவர் வீட்டுக்கு நான் வாட்ச்மேன்” என்பாள்.

கடைசி மாதங்களில் அவளால் படியேற முடியவில்லை. மெஷினுக்கு நேர் கீழே இருந்த அறையில் படுக்கை போட்டார்கள். துவைக்கும் வேலை அவருக்கு வந்தது. படுத்தபடியே குரல் கொடுப்பாள்.

“என்னங்க, மூடினீங்களா?”

“மூடிட்டேன்டி.”

“புளுகாதீங்க. கிறீச்சுனு சத்தமே வரலியே!”

முணுமுணுத்துக்கொண்டே போய்த் திருகுவார். கீழே அவள் சிரிப்பது கேட்கும்.

அவள் போன பிறகு அந்தப் பஞ்சு மெத்தையை அவர் யாரையும் தொடவிடவில்லை. அவள் ஒருக்களித்துக் கிடந்த பள்ளம் அதில் அப்படியே இருந்தது. உறையையாவது மாற்றலாம் என்று மகள் கேட்டபோதும், “இருக்கட்டும்மா” என்றுவிட்டார். சாயங்காலங்களில் பக்கத்தில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருப்பார்.

அன்று காலை துவைத்து உலர்த்திவிட்டு வேலைக்குக் கிளம்பினார். கீழிருந்து யாரும் கேட்கவில்லை. அவருக்கும் ஞாபகம் வரவில்லை. யாரோ ஒருவர் வீட்டில், “குழாயை மூடுங்க” என்று சொல்லிக்கொண்டிருக்கும்போதே மகளின் போன் வந்தது.

“அப்பா, மாடி பைப் பிச்சுக்கிச்சு. அம்மா ரூம்ல கொட்டோ கொட்டுனு கொட்டுது.”

அவர் வந்து சேர்ந்தபோது கூரைக் காரை பெயர்ந்து மெத்தைமேல் கிடந்தது. பஞ்சு ஊறி உப்பியிருந்தது. வெயிலில் போடலாமென்று இருவரும் ஆளுக்கொரு பக்கம் தூக்கினார்கள். பாரம் தாங்காமல் நடுவிலேயே கிழிந்தது.

“காஞ்சா சரியாயிடும்மா” என்றார்.

மகள் தலையாட்டினாள். காய்ந்த பஞ்சு கட்டி கட்டியாக நின்றது. பள்ளம் எங்கே இருந்ததென்று அவராலேயே சொல்ல முடியவில்லை.

மாடியில் பிய்ந்த பைப்பை எறிந்துவிட்டுப் புதுசு மாட்டினார். ஒரு தடவை ஓட்டிப் பார்த்தார். சொட்டுக்கூடக் கசியவில்லை. குழாயை மூடினார். கீழே தரையைத் துடைத்துக்கொண்டிருந்த மகள் நிமிர்ந்து கத்தினாள்.

“அப்பா, மூடினீங்களா?”

மூடியிருந்த குழாயைத் திறந்தார். கீழே நன்றாகக் கேட்கும்படி, கிறீச்சென்று மறுபடி திருகினார்.