ஜீ, ஆர்: இரண்டு எழுத்தும் ஒரு கல்யாணமும்

போன ஞாயிற்றுக்கிழமை காலை, கண்டி நகரின் நடுவில், ஒரு வீட்டு முற்றத்தில் நான் குப்புறப் படுத்துக் கிடந்தேன்.

பக்கத்தில் என் நண்பன் ஹனீபா. அவனும் குப்புறத்தான். இரண்டு பேர் தலைக்கு மேலேயும் ஈரச் சாக்கு.

யுத்தமா? இல்லை. கலகமா? அதுவும் இல்லை. சோடா!

சிரியுங்கள், பரவாயில்லை. ஒரு வாரமாக நானும் அதைத்தான் செய்துகொண்டிருக்கிறேன். நான் வேலை பார்க்கும் கோப்பி ஸ்டோரில், மூட்டை எண்ணிக்கொண்டிருந்தபோது திடீரென்று சிரிப்பு வந்து எண்ணிக்கை தப்பிப்போனது. துரை என்னை ஒரு மாதிரிப் பார்த்தார். மலைக்காய்ச்சல் என்று நினைத்திருப்பார், பாவம்.

ஆரம்பத்திலிருந்து சொல்கிறேன்.

ஹனீபாவுக்குக் கண்டியில் ஒரு சாமான் கடை. ஆணி, கீல், பூட்டு, கோப்பித் தோட்டங்களுக்கு மண்வெட்டி... எல்லாம் விற்பான். ரயில் வந்ததிலிருந்து அவனுக்கு ஒரே கனவு. தோட்டத்துத் துரைமார் குடிக்கிற சோடா கொழும்பிலிருந்து ரயிலில் வருகிறது. வருகிற வழியிலேயே பாதிப் போத்தல் உடைகிறது. அதைக் கண்டியிலேயே செய்தால் என்ன?

இரண்டாவது கனவும் ஒன்று உண்டு. தெல்தெனியவில் மிளகு, பாக்கு வியாபாரம் செய்கிற மரைக்காரின் மகள் ஆமினா. ஒரு தடவை கதவுக்குக் கீல் கொண்டுபோனபோது வீட்டுக்குள்ளே ஒரு சிரிப்புச் சத்தம் கேட்டதாம். முகம் தெரியாது. சிரிப்பு மட்டும்தான். அது போதாதா? பெண் கேட்டு ஆள் அனுப்பிவிட்டான்.

மரைக்கார் சொல்லியனுப்பிய பதில் கண்டி முழுக்கப் பிரசித்தம்.

"தண்ணிக்குள்ள காத்தடைச்சு விக்கப் போறவனுக்கா என்ட புள்ளயக் குடுக்க?"

ஆனாலும் மனுசர் முழுதாக மறுக்கவில்லை. ஞாயிற்றுக்கிழமை கண்டிக்கு வரும்போது அந்தக் காற்றுத் தண்ணியை ஒரு வாய் குடித்துப் பார்த்துவிட்டு முடிவு சொல்வதாகவும் கூடவே சொல்லியிருந்தார்.

இனி, ரசாயன கிளாஸுக்கு வருவோம்.

சனிக்கிழமை பின்னேரங்களில் கண்டியில் ரசாயனம் சொல்லிக்கொடுக்கிறார்கள் என்று கேள்விப்பட்டதும் ஹனீபா என்னையும் இழுத்துக்கொண்டு போய்ச் சேர்ந்துவிட்டான். மாஸ்டர் யாழ்ப்பாணத்துக்காரர். எங்களை விட வயதில் சின்னவர்; மீசை இன்னும் யோசித்துக்கொண்டிருக்கிறது. நாங்கள் எல்லோரும் நெருப்பு, புகை, பச்சை, நீலம் என்று ஆசையோடு போய் உட்கார்ந்தோம்.

மாஸ்டர் மேசை மேல் வைத்தது ஒரு தராசு. அவ்வளவுதான்.

"ஒரு இறாத்தலுக்கு எத்தினை அவுன்ஸ்?" என்று கேட்டார்.

"பதினாறு!" என்றேன் நான். கோப்பி ஸ்டோர் ஆள் அல்லவா?

"பன்னெண்டு!" என்றார் ஆஸ்பத்திரியில் மருந்து கலக்கப் பழகும் ஒருவர்.

சண்டை மூண்டது. அவர் என்னைப் பார்த்துக் கள்ளத் தராசு என்றார். நான் அவரைப் பார்த்து... வேண்டாம், இது குடும்பங்கள் வாசிக்கும் பத்திரிகை.

"ஓம், ரெண்டு பேரும் சரி," என்றார் மாஸ்டர், சிரித்துக்கொண்டே. "கடை இறாத்தல் வேறை, மருந்து இறாத்தல் வேறை."

அட! இதைவிட வேடிக்கை, நாங்கள் தினம் தினம் கோப்பி நிறுக்கிற அந்தர். ‘ஹண்ட்ரட்’ என்ற இங்கிலீஷ் வார்த்தைதான் நம் வாயில் அந்தர் ஆனது. ஹண்ட்ரட் என்றால் நூறுதானே? ஆனால் ஓர் அந்தருக்கு நூற்றுப் பன்னிரண்டு இறாத்தல்! இத்தனை வருஷமாக நிறுத்துவந்தும் எனக்கு அது ஒரு நாளும் உறைக்கவில்லை. அவுன்ஸிலும் இரண்டு வகை: தூளை நிறுக்கிற அவுன்ஸ் ஒன்று, தண்ணியை அளக்கிற அவுன்ஸ் இன்னொன்று. பிரெஞ்சுக்காரர்களோ இது எதுவுமே வேண்டாம் என்று லீட்டர், கிராம் என்று தனியாக வைத்திருக்கிறார்களாம்.

எனக்குத் தலை சுற்றியது. மாஸ்டர் ஒரே ஒரு வழி சொன்னார்.

"இலக்கத்தை மட்டும் எழுதாதேயுங்கோ. பக்கத்திலை அலகையும் எழுதுங்கோ. மேலையும் கீழையும் ஒரே அலகு வந்தால் வெட்டி விடுங்கோ. கடைசியிலை உங்களுக்கு வேண்டிய அலகு மட்டும் மிஞ்சினால், போன வழி சரி."

இவ்வளவுதானா ரசாயனம் என்று நினைத்தேன். சுவாரசியமே இல்லாமல் வீட்டுக்கு வந்தேன்.

ஹனீபாவுக்குக் காரைக்காலிலிருந்து ஒரு சொந்தக்காரர் சோடாத் தூளும் புளிப்புத் தூளும் டின்னில் அனுப்பியிருந்தார். இரண்டையும் சரிக்குச் சரி தண்ணியில் போட்டால் காற்று பொங்கும். உடனே தக்கை போட்டு இறுக்கிக் கட்டிவிட வேண்டும். டின்னில் ஒட்டியிருந்த கடதாசியில் எல்லாம் பிரெஞ்சு. நடுவில் ‘4’ என்ற எண். பக்கத்தில் ‘ஜீ, ஆர்’ என்று இரண்டு எழுத்து.

"கிரெயின்," என்றான் ஹனீபா அடித்துச் சொல்லி. கிரெயின் என்பது மருந்துக்காரர்களுடைய ஆகச் சின்ன எடை. பேருக்கு ஏற்ற மாதிரி ஒரு தானிய மணி அளவு; அதைவிடப் பெரிய எடை டிராம். வெள்ளிக்கிழமை ஒரு போத்தல் தண்ணிக்கு நாலு கிரெயின் போட்டு, தக்கை அடைத்து, பிறகு திறந்தோம். சத்தமே இல்லை. ஹனீபாவின் உம்மா ஒரு வாய் குடித்துப் பார்த்தார்.

"கிணத்துத் தண்ணிய ஏன் மகன் போத்தல்ல அடைச்சு வெச்சீக்கிறீங்க?"

ஹனீபாவின் முகத்தைப் பார்க்க வேண்டுமே! தெல்தெனியவே ஆற்றோடு போய்விட்ட மாதிரி இருந்தது.

ஞாயிறு காலை நான் போனபோது அவன் துள்ளிக்கொண்டிருந்தான். முற்றத்தில் பன்னிரண்டு போத்தல் வரிசையாக நின்றன. கடைசித் தக்கைக்கு அப்போதுதான் சணல் கட்டிக்கொண்டிருந்தான்.

"கண்டுபுடிச்சிட்டேன் மச்சான்! கிரெயின் இல்ல, டிராம்! நாலு டிராம் போட்டீக்கிறேன்!"

"டிராமுக்கு முதலெழுத்து ‘டி’ அல்லவா? இங்கே ‘ஜீ’ இருக்கே?"

"பிரான்ஸ்காரன் அப்படித்தான் எழுதுவானாக்கும்."

டின்னை எடுத்து மறுபடி பார்த்தேன். ‘ஜீ, ஆர்’ எழுத்துக்குப் பிறகு இன்னொரு வார்த்தை. எழுத்துக் கூட்டினேன். லீ... ட்... டர்.

லீட்டர் என்று எழுதுகிற ஆள் கிரெயின் எழுதுவானா? டிராம் எழுதுவானா? கிராம்தான் எழுதுவான்! அதுவும் ஒரு போத்தலுக்கு அல்ல, ஒரு லீட்டருக்கு!

கரித்துண்டு ஒன்றை எடுத்துத் தரையிலேயே உட்கார்ந்துவிட்டேன். போத்தலுக்கு இருபது அவுன்ஸ் தண்ணி. முப்பத்தைந்து அவுன்ஸ் ஒரு லீட்டர். மேலே அவுன்ஸ், கீழே அவுன்ஸ்... வெட்டு! லீட்டருக்கு நாலு கிராம். மேலே லீட்டர், கீழே லீட்டர்... வெட்டு! ஒரு கிராமுக்குப் பதினைந்தரை கிரெயினுக்குச் சற்றுக் குறைவு. கிராமையும் வெட்டு! கடைசியில் தரையில் மிஞ்சியது கிரெயின் மட்டும். முப்பத்தைந்து கிரெயின்.

வாசகர்களே, நான் பொய் சொல்லவில்லை. எனக்கு உடம்பு சிலிர்த்தது. ஒன்றை ஒன்று வெட்டிக்கொண்டு அலகுகள் ஒவ்வொன்றாக விழ, வேண்டியது மட்டும் தலை நிமிர்ந்து நிற்கிறது! நெருப்பும் புகையும் யாருக்கு வேண்டும்?

அந்த ஆனந்தம் அரை நிமிஷம்தான் நின்றது. ஒரு டிராமுக்கு அறுபது கிரெயின். ஹனீபா போட்டது நாலு டிராம். இருநூற்று நாற்பது!

"ஏழு மடங்கு," என்றேன்.

"எது ஏழு மடங்கு?"

டப்!

போத்தல்தான் பதில் சொன்னது. தக்கை கூரை ஓட்டில் பட்டுத் திரும்பி வந்தது. அடுத்தது... டப்! உம்மா கையில் குடத்தோடு கிணற்றடிக்குப் போக முற்றத்தில் கால் வைத்தார். ஹனீபா பாய்ந்து போய் அவரை உள்ளே தள்ளிக் கதவைச் சாத்தினான். சாத்திய கதவில் ‘சடக்’ என்று ஒரு சத்தம். மூன்றாவது போத்தல் தக்கையை விடாமல் போத்தலாகவே வெடித்துவிட்டது. பச்சைக் கண்ணாடித் துண்டு ஒன்று பலகையில் குத்தி நின்றது.

அந்த ஒரு கணம் மட்டும் எனக்குச் சிரிப்பு வரவில்லை. அந்தத் துண்டு நின்ற உயரத்தைப் பார்த்தேன். உம்மாவின் முகம் இருக்கிற உயரம்.

ஈரச் சாக்கை இழுத்துப் போட்டுக்கொண்டு இரண்டு பேரும் விழுந்து படுத்தோம். வாசலில் மாட்டு வண்டி வந்து நின்ற சத்தம் கேட்டது.

"வராதீங்க மாமா!" என்று ஹனீபா கத்தினான்.

பெண் கேட்டவன், பெண்ணைப் பெற்றவரைப் பார்த்துச் சொல்லும் முதல் வார்த்தையா இது?

மரைக்கார் வந்துவிட்டார். நல்ல வெள்ளைச் சட்டை, நல்ல தொப்பி. டப்! தொப்பி போய் வாசல் படலையில் விழுந்தது. அவர் அசையவில்லை. மெதுவாகக் குனிந்து தொப்பியை எடுத்தார், தட்டினார், போட்டுக்கொண்டார். தக்கையையும் எடுத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"இது தண்ணியா?"

"ஓ மாமா," என்றது சாக்கு.

"தண்ணிக்கு இவ்வளவு கோவமா?"

எல்லாப் போத்தலும் ஓயும்வரை அவரைத் தூணுக்குப் பின்னால் நிற்கவைத்தோம். பிறகு ஹனீபா எழுந்து போய் அவர் முன்னால் நின்றான். ஏதாவது சாக்குப்போக்குச் சொல்லப் போகிறான், காரைக்கால்காரர் தலையில் பழியைப் போடப் போகிறான் என்று நினைத்தேன்.

"மாமா, பிழை என்டதான். கிராம் போட வேண்டிய எடத்துல டிராம் போட்டுட்டேன். எங்க பிழைச்சதெண்டு இப்ப தெரியும். தரையில ஈக்கு, பாருங்க."

மரைக்கார் தரையில் இருந்த கரிக் கணக்கைப் பார்த்தார். வெட்டிய அலகுகளைப் பார்த்தார். என்ன விளங்கியதோ தெரியாது.

"இன்னொண்ணு செய்ங்க. என்ட கண் முன்னால."

ஹனீபா தராசை எடுத்தான். தட்டு இரண்டையும் துணியால் துடைத்தான். முப்பத்தைந்து கிரெயின் சோடாத் தூள். அதே எடை புளிப்புத் தூள். தண்ணி. தக்கை. சணல். அவன் உதடு எதையோ ஓதிக்கொண்டிருந்தது. நானும் எனக்குத் தெரிந்த முருகனைக் கூப்பிட்டு வைத்தேன்.

சற்றுப் பொறுத்து, சணலை அவிழ்த்தான்.

ஸ்ஸ்ஸ்...

அவ்வளவுதான்! வெடிக்கவும் இல்லை, செத்துப் போகவும் இல்லை. கிளாஸில் ஊற்றியதும் சின்னச் சின்ன முத்துகள் ஒன்றையொன்று முந்திக்கொண்டு மேலே ஓடி வந்தன. மரைக்கார் மூக்கைச் சுளித்துக்கொண்டு ஒரு வாய் குடித்தார். இன்னொரு வாய். பிறகு ஒரே மூச்சில் முழுக் கிளாஸையும்.

பிறகு வந்தது ஓர் ஏப்பம். என்ன ஏப்பம்! வாசலில் நின்ற மாடு திரும்பிப் பார்த்தது. கதவுக்குப் பின்னால் உம்மா சிரித்துவிட்டார். அதைக் கேட்டு மரைக்கார் சிரித்தார். சிரித்தார், சிரித்தார், கண்ணில் தண்ணி வரும்வரை சிரித்தார். அந்த மனுசர் சிரித்து நான் பார்த்ததே இல்லை.

கண்ணைத் துடைத்துக்கொண்டே கேட்டார்.

"நானூறு பேர். ஆளுக்கு எட்டு அவுன்ஸ் குடுத்தா, எத்தின இறாத்தல் தூள் போகும்?"

நாங்கள் இரண்டு பேரும் படாரென்று தரையில் உட்கார்ந்தோம். நானூறு பேர், ஆளுக்கு எட்டு அவுன்ஸ். ஆளை வெட்டு! மூவாயிரத்து இருநூறு அவுன்ஸ். போத்தலுக்கு இருபது. அவுன்ஸை வெட்டு! நூற்றறுபது போத்தல். போத்தலுக்கு முப்பத்தைந்து கிரெயின். போத்தலை வெட்டு!

"ஐயாயிரத்து அறுநூறு கிரெயின்!" என்று கூவிய ஹனீபா நிமிர்ந்து பார்த்தான். "மாமா, கடை இறாத்தலா, மருந்து இறாத்தலா?"

"என்ட கடையில ஒரே இறாத்தல்தான் ஈக்கு."

"அப்ப ஒரு இறாத்தலுக்கு ஏழாயிரம் கிரெயின், ஒண்ணு போதும் மாமா! மிச்சமும் வரும்! புளிப்புத் தூளும் அதே கணக்குத்தான்."

"நல்லம்," என்றார் மரைக்கார். வண்டியில் ஏறிப் போய்விட்டார்.

ஹனீபா கரித்துண்டோடு அப்படியே உட்கார்ந்திருந்தான். கணக்குச் சரியாக வந்த சந்தோஷத்தில் முகமெல்லாம் பல்.

"பாத்தியா மச்சான், எல்லா அலகும் வெட்டுப்பட்டுப் போச்சு!"

"டேய் ஹனீபா," என்றேன். "அந்த நானூறு பேரும் எதுக்குடா வர்றாங்க?"

அவன் என்னைப் பார்த்தான். தரையைப் பார்த்தான். வண்டி போன பாதையைப் பார்த்தான். எழுந்தான், உட்கார்ந்தான், மறுபடி எழுந்தான். "உம்மா!" என்று ஒரு கத்து கத்திக்கொண்டு உள்ளே ஓடினான். சாத்தியிருந்த கதவில் நேராகப் போய் முட்டிக்கொண்டான்!

நேற்றுக் கிளாஸில் மாஸ்டரிடம் முழுக் கதையையும் சொன்னோம். சிரிப்பார் என்று பார்த்தால், முகம் வெளுத்துப் போனார். "ஒருத்தருக்கும் ஒண்டும் ஆகேல்லைத்தானே?" என்று இரண்டு தடவை கேட்டார். ஆஸ்பத்திரிக்காரர் இப்போது என்னோடு சிநேகம். போத்தலுக்குப் பதில் ஒரு நோயாளியாக இருந்திருந்தால் என்று அவர் மெல்லச் சொன்னபோது, அந்தக் கிளாஸே கொஞ்சம் நேராக உட்கார்ந்தது.

நாலு என்று ஒருவர் சொன்னால் நாம் உடனே தலையாட்டிவிடுகிறோம். நாலு என்ன? கேட்பதற்கு என்ன வெட்கம்? நம் ஊரையே பாருங்களேன். மாஸ்டர் ‘ஓம்’ என்கிறார், ஹனீபா ‘ஈக்கு’ என்கிறான், நான் ‘இருக்குங்க’ என்கிறேன். ஒரே தெருவில் மூன்று தமிழ் நடக்கும்போது, ஓர் இறாத்தலுக்கு இரண்டு அர்த்தம் இருப்பதில் என்ன அதிசயம்? எந்த அளவு என்று ஒரு வார்த்தை கேட்டுவிட்டால் தீர்ந்தது.

நிக்காஹ்வுக்கு நாள் குறித்தாகிவிட்டது. ஹனீபா இப்போது மிச்சமிருக்கும் வாரங்களை மணியாக்கி, மணியை நிமிஷமாக்கிக்கொண்டிருக்கிறான்... அந்தக் கணக்குக்கு மட்டும் என்னைக் கூப்பிடவே இல்லை!