கால் எலும்புக்கு ஒரு விரதம்

உடன்குடி லிங்கராஜுக்கு உட்கார்ந்தால் இருப்புக் கொள்ளாது, நின்றால் கால் வலிக்கும். பகலில் தூத்துக்குடி கன்டெய்னர் யார்டு வாசலில் லாரி நம்பர் சரிபார்க்கும் வேலை, சாயங்காலம் ஆனால் கபடி. நாலு பேரை இழுத்துக்கொண்டு கோட்டைத் தொடுகிறவன், கணுக்காலுக்கு மேலே எலும்பில் மயிரிழை விரிசல் விழுந்து இரண்டு மாதமாகக் களத்துக்கு வெளியே தவிக்கிறான். டிசம்பரில் அரசுத் துறை அணி ஒன்றுக்கு ஆள் எடுக்கிறார்கள். வயது வரம்பில் அவனுக்கு அதுதான் கடைசி வாய்ப்பு.

சும்மா இருப்பானா? எலும்பு சீக்கிரம் கூட வேண்டுமென்று குலசை முத்தாரம்மனுக்கு நேர்ந்து, தசராவுக்குக் காளி வேஷம் கட்ட மாலை போட்டுவிட்டான். நாற்பத்தொரு நாள் விரதம். ஒரே வேளை பச்சரிசிச் சோறு, மீன் முட்டை கிடையாது. டாக்டர் எழுதிக் கொடுத்த சாப்பாட்டுச் சீட்டை மடித்துச் சாமி படத்துக்குப் பின்னால் செருகினான், புத்திசாலி!

இருபதாம் நாள் எடுத்த எக்ஸ்ரேயில் விரிசல் அப்படியே இருந்தது. பிசியோதெரபிஸ்ட் பிளாரன்ஸ் நேராகவே கேட்டாள்.

"என்ன சாப்பிடுதீங்க தம்பி?"

விரதத்தைச் சொன்னான். அதற்கு முன்னால், மேட்சுக்கு எடை குறைக்க மாதக்கணக்கில் ராத்திரிச் சோற்றை விட்டதையும் சொன்னான்.

"விரிசலே அந்தப் பட்டினியாலதான் வந்திருக்கும். இப்ப அதே பட்டினிய வச்சு ஒட்டப் பாக்கீங்களே! முட்டை, பால், சாளை மீனு, மூணு வேளையும் வயிறு நிறையச் சோறு. உடம்புல ஒண்ணுமில்லன்னா எலும்பு எதை வச்சுக் கூடும்?"

மாலையைக் கழற்றினால் சாமி குத்தம், கழற்றாவிட்டால் டிசம்பர் போச்சு. பஸ்ஸில் இடம் இருந்தும் அவன் உட்காரவில்லை. வீட்டுக்கு வந்து அம்மா வடிவம்மாளிடம் கொட்டித் தீர்த்தான். அவளுக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது.

"ஏலே, அம்மன் உன்னச் சோத்த விடச் சொன்னாளா? நீயா நேந்துக்கிட்டு அவ மேல பழியப் போடுத. மிச்ச நாளு விரதத்த நான் இருக்கேன்."

அன்றே கோயிலுக்கு இழுத்துப் போய் அவன் மாலையைக் கழற்ற வைத்து, தான் ஒரு மாலை போட்டுக்கொண்டாள். முட்டுவலிக்காரி, நாள் முழுக்கப் பலசரக்குக் கடையில் நிற்கிறவள்.

விரத வீட்டில் கவுச்சி சமைக்கக் கூடாது. மறுநாள் காலை பக்கத்து வீட்டில் அவித்து வாங்கிய முட்டைகளைக் கொல்லையில் அவன் தட்டில் வைத்தாள். அவன் ஒன்றை வாயில் போட்டுக்கொண்டு அவள் முகத்தையே பார்த்தான். அவளுக்குச் சோறு மத்தியானம்தான். ஒரு செம்புத் தண்ணீர் குடித்துவிட்டுக் கடைக்குக் கிளம்பினாள்.

"எம் மூஞ்சியப் பாக்காதலே. தின்னு."

அழுதுகொண்டே விழுங்கினான். அடுத்த முட்டையையும் எடுத்தான்.