அசோகன் அண்ணன் ஸ்கர்ட் போட்டுகிட்டு கடைசி வரைக்கும் நடந்தாரு

இன்னிக்கு காலையில நீலசந்திரா மார்க்கெட்ல தமயந்தி அக்காவ பாத்தேன். அவங்க என்னை பாக்கறதுக்குள்ள அப்படியே திரும்பி போயிடலாம்னுதான் மொதல்ல தோணுச்சு. சொல்லவே வெக்கமா இருக்கு, ரெண்டு அடி திரும்பி நடந்தும் போயிட்டேன். அதுக்குள்ள, "ஏ ஷ்ரேயா! வீடியோ பாப்பா!"ன்னு பின்னாடி குரல்.

ஏன் ஓடப் பாத்தேன்னு சொல்லிடறேன். மூணு வாரம் முன்னாடி என் பேஜ்ல ஒரு வீடியோ பாத்தீங்க இல்ல? ஸ்கர்ட் போட்ட ஒரு ஆளு மேடையில நடந்துகிட்டே இருப்பாரு, திடீர்னு இடுப்புல இருக்கற வெல்க்ரோவ கர்ர்ருனு பிரிப்பாரு, ஹாலே விழுந்து விழுந்து சிரிக்கும். ஒம்பது செகண்ட். நாலு லட்சம் பேர் பாத்தீங்க. எடுத்தது நான். வெட்டினது நான். சிரிக்கிற பொம்மை மூணு வெச்சு போட்டதும் நான்தான். அந்த ஆளு தமயந்தி அக்காவோட வீட்டுக்காரரு, அசோகன் அண்ணன்.

அக்கா கேஜிஎஃப்ல பொறந்தவங்க. அப்பா தங்கச் சுரங்கத்துல வேலை பாத்தவரு. சுரங்கம் மூடினதும் பெங்களூரு வந்து ஆடுகோடி பக்கம் ஒரு கார்மென்ட்ஸ்ல சேந்தாங்க. இருவது வருஷமா அங்க வெளிநாட்டுக்குப் போற ஸ்கர்ட்டுக்கு இடுப்புப் பட்டி தைக்கறதுதான் வேலை. "ஃபாரின்காரி இடுப்பெல்லாம் எனக்கு அத்துப்படி. எம் புருஷன் இடுப்புதான் கஷ்டமா பூட்ச்சி"ன்னு சொல்லி அவங்களே சிரிப்பாங்க.

அண்ணன் ஒரு ஐடி கம்பெனி கேன்டீன்ல சமையல். போன வருஷம் கொதிக்கிற சாம்பார் அண்டா சாஞ்சு ரெண்டு தொடையும் வெந்துபோச்சு. புண்ணு ஆறிடுச்சு, ஆனா தோலு பேப்பர் மாதிரி. பேண்ட் போட்டு ஒரு மணி நேரம் நின்னா உரசி உரசி ரத்தம் கசியும். லுங்கில போனா கேட்லயே நிறுத்திட்டாங்க. எட்டு மாசமா வீட்ல. அப்பதான் அக்கா தச்சாங்க. கருநீலத்துல, முட்டிக்கு கொஞ்சம் கீழ வரைக்கும், முன்னாடி ரெண்டு மடிப்பு, ரெண்டு பக்கமும் பாக்கெட். புண்ணு வீங்கற நாள்ல லூசா, வத்தற நாள்ல டைட்டா போட்டுக்க இடுப்புல வெல்க்ரோ.

அத எடுத்துகிட்டு கேன்டீன் மேனேஜர் ஸ்ரீஹர்ஷாவ போய் பாத்தாங்க. அவரு கெட்டவர் இல்ல. "இவர் ஒருத்தர் போட்டா எல்லாரும் சிரிப்பாங்கம்மா. நாலு ஆம்பளைங்க சாதாரணமா போடட்டும், அப்ப பாக்கலாம்"னாரு. பேச்சுக்கு சொல்லி அனுப்பிட்டாரு. அக்கா அத கெட்டியா பிடிச்சுகிட்டாங்க. "நாலு பேரு இன்னா சார், ஆறு பேர காட்டறேன். நீங்க வந்து முன்னாடி குந்துங்க."

அப்படி வந்ததுதான் அந்த ஃபேஷன் ஷோ. நம்ம ஏரியா புத்தர் சங்கத்து ஹாலை கேட்டு வாங்கி, ஆறு பேருக்கு அளவெடுத்து, வேலை முடிச்சு வந்து ராத்திரில தச்சாங்க. ஆட்டோ ஓட்டற கிறிஸ்டோபர் அண்ணன் ஒத்துக்கவே ஒரு வாரம். "காக்கில தச்சா வரேன் தமயந்தி. எவனாச்சும் கேட்டா புது யூனிஃபார்ம்னு சொல்லிக்கறேன்." பீட்டர் அண்ணன், "எங்க ரோஸிக்கு மட்டும் தெரியக் கூடாது"ன்னாரு. ஷோ அன்னிக்கு அவரு பொண்டாட்டி ரோஸி அக்கா முன் வரிசையில உக்காந்து விசில் அடிச்சாங்க. ரிகர்சல்ல ஆறு பேரும் ரேஷன் கடைக்குப் போற மாதிரி நடப்பாங்க. தெருவுல ஒரே கிண்டல், பொண்டாட்டி பாவாடைய கட்டிகினு போறானுங்கன்னு. அக்கா விடுவாங்களா? "வூட்ல நாளெல்லாம் லுங்கிலதானடா சுத்தறீங்க? அதுக்கு ஒரு பட்டி வெச்சு தச்சா மட்டும் மானம் பூடுதா?"

அசோகன் அண்ணன்தான் கடைசி. நல்லாதான் நடந்து வந்தாரு. பாதி வழியில மேனேஜர் முகத்த பாத்துட்டாரு. பதட்டம். லுங்கி கட்டற ஆளுங்கள நாம தெனமும் பாக்கறோம் இல்ல, பேசிகிட்டே நிப்பாங்க, லூசா இருக்கற மாதிரி தோணினா அப்படியே அவுத்து ஒரு உதறு உதறி மறுபடி கட்டுவாங்க, பேச்சு கூட நிக்காது. அண்ணன் கையும் அதே பழக்கத்துல தானா இடுப்புக்குப் போயிடுச்சு. கர்ர்ர்! மேடை ஓரத்துல மைக் வேற. ஸ்கர்ட் முட்டி வரைக்கும் இறங்கிடுச்சு. உள்ள குட்டை டவுசர் இருந்துச்சு. ஆனா தொடையில இருந்த தழும்பு அத்தனையும் தெரிஞ்சுது. ஹால் சிரிச்சுது. நானும் சிரிச்சேன், போன் ஆடற அளவுக்கு. அந்த தழும்ப நான் பாக்கவே இல்ல. வீட்டுக்கு வந்து வெட்டறப்ப கூட பாக்கல.

மார்க்கெட்ல கைப்பைய கீழ வெச்சுட்டு அக்கா சொன்னாங்க. "அன்னிக்கு கெளம்பறப்போ மேனேஜர் இன்னா சொன்னாரு தெரியுமா? திங்கக்கிழம இதையே போட்டுகினு வரச் சொல்லுங்கம்மான்னாரு."

எனக்கு இது தெரியாது. சத்தியமா தெரியாது.

சனிக்கிழமை ஷோ. அன்னிக்கே நான் வீடியோ போட்டேன். ஞாயித்துக்கிழமை அது கம்பெனி வாட்ஸ்ஆப் குரூப் எல்லாத்துலயும் சுத்திடுச்சு. திங்கக்கிழமை அண்ணன் கருநீல ஸ்கர்ட்ட அயர்ன் பண்ணி போட்டுகிட்டு போயிருக்காரு. கேட்ல இருந்த செக்யூரிட்டி ரெண்டு பேரு வாயாலயே "கர்ர்ர்"னிருக்காங்க. மேனேஜர் வெளிய வந்து, "மேல இருக்கறவங்க பாத்துட்டாங்க அசோகன், இப்ப வேணாம்"னு சொல்லிட்டாராம். அன்னிலேந்து அண்ணன் டீ குடிக்கக் கூட தெருவுக்கு வர்றதில்ல.

"திட்டுங்க அக்கா"ன்னேன்.

"திட்டி இன்னா ஆவப் போவுது? நீ மட்டுமா சிரிச்ச? தெரைக்குப் பின்னாடி நானும் மூஞ்ச மூடிகினு சிரிச்சேன். அந்தாண்ட அவரு எப்படி நிக்கறாரோன்னு கூட பாக்கல. இன்னும் அவருகிட்ட சொல்லல." கைப்பைய எடுத்துகிட்டு, "முழு வீடியோ வெச்சிருக்கியா? மீதி இன்னா ஆச்சுன்னு எனக்கு தெரியாது"ன்னாங்க.

போன்ல இருந்துச்சு. அக்கா கூடவே வீட்டுக்குப் போனேன். ஒரே ரூம். என்னை பாத்ததும் அண்ணன் செவுத்து பக்கம் திரும்பி உக்காந்துட்டாரு. மன்னிச்சிடுங்கண்ணான்னு சொல்ல நெனச்சேன், அழுக வந்துடுச்சு. அவருதான், "அழாதம்மா, தண்ணி குடு இந்த பொண்ணுக்கு"ன்னாரு.

போனை தரையில சாச்சு வெச்சு ஓட்டினேன். கர்ர்ர். சிரிப்பு. நான் வெட்டின எடம் தாண்டி வீடியோ ஓடுது. அண்ணன் ரெண்டு மூச்சு நிக்கறாரு. ஸ்கர்ட்ட தூக்கி வெல்க்ரோவ ஒட்டறாரு, மேல ரெண்டு தட்டு தட்டறாரு. அக்கா சொல்லிக் குடுத்த மாதிரி ஒரு கைய பாக்கெட்ல விட்டுகிட்டு மேடை முனை வரைக்கும் போறாரு. நின்னு, திரும்பி, அதே நடையில வர்றாரு. சிரிப்பு அடங்கிடுச்சு. மொதல்ல கை தட்டறது மேனேஜர் ஸ்ரீஹர்ஷா. அப்புறம் ரோஸி அக்கா விசில்.

அண்ணன் திரும்பிட்டாரு. "நான் ஓடி வந்துட்டேன்னுதானே நெனச்சிருந்தேன்! எனக்கு ஒண்ணுமே ஞாபகம் இல்லம்மா. முனை வரைக்கும் போனேனா? இன்னொரு தபா போடு."

நாலு தடவ போட்டேன். மூணாவது தடவையில அக்கா அவர் முதுக தொட்டு, "நானும் சிரிச்சுட்டேங்க அன்னிக்கு"ன்னு சொல்லிட்டாங்க. "தெரியும். உன் சிரிப்பு எனக்கு தெரியாதா? தனியா கேட்டுச்சு"ன்னாரு. எனக்கு அங்க உக்காரவே கூச்சமா இருந்துச்சு, எழுந்து வாசல்ல போய் நின்னேன்.

வர்ற ஞாயித்துக்கிழமை அக்கா மறுபடியும் ஷோ வெக்கறாங்க, நாலு மணிக்கு, அதே ஹால்ல. மேனேஜரையும் கூப்பிட்டிருக்காங்க, வர்றாரான்னு தெரியல. அண்ணன் நடக்கறேன்னு சொல்லல. நான் கெளம்பறப்போ, "வெல்க்ரோ வேணாம் தமயந்தி, கொக்கி வை"ன்னு மட்டும் சொன்னாரு.

அந்த ஒம்பது செகண்ட நான் அழிச்சுட்டேன். அண்ணன் சம்மதத்தோட முழு வீடியோவ இப்ப போட்டிருக்கேன். அந்த துண்டு வீடியோவ யாருக்கெல்லாம் அனுப்பி சிரிச்சீங்களோ, அதே ஆளுங்களுக்கு இத அனுப்புங்க. உங்க போன்ல பழசு இருந்தா தயவு செஞ்சு எடுத்துடுங்க. ஐடி கம்பெனில, கேன்டீன்ல உங்களுக்கு யாராவது தெரிஞ்சா அவங்களுக்கு கண்டிப்பா அனுப்புங்க. ஞாயித்துக்கிழமை வாங்க. நானும் இருப்பேன், பின் வரிசையில. போனை பைக்குள்ள வெச்சுட்டு வாங்க, ரெண்டு கையும் தட்டறதுக்கு வேணும்.